என் பேரில் இருந்த வண்டி

எங்கள் வீட்டில் எல்லாமே என் பேரில்தான் இருக்கிறது. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் மாமனார் எங்கள் இருவர் ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனார். மகன் பேரில் தொழில் தொடங்கினால் விளங்காது, மருமகள் பேர்தான் ராசி, அதில் எது வாங்கினாலும் நிலைக்கும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அன்று பிடித்த பிடி. எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில் எட்டுத் தையல் மெஷினோடு ஆரம்பித்த பனியன் யூனிட் என் பேரில். கரண்ட் இணைப்பு, ஜி.எஸ்.டி., பேங்க் கணக்கு, சரக்கு ஏற்றும் சின்ன வேன், கடைசியாக வாங்கிய ஸ்கூட்டர், எல்லாமே என் பேரில். இவ்வளவுக்கும் எனக்கு ஓட்டத் தெரிந்தது தையல் மெஷின் ஒன்றுதான்.

கையெழுத்து மட்டும் என் வேலை. என் வீட்டுக்காரர் தாளை நீட்டுவார். போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். நான் போட்டு முடித்ததும் ரப்பரால் அதை அழித்துவிடுவார். ஒரே ஒரு தடவை, "படிச்சுப் பாக்கறயா புள்ள?" என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "நீங்க பாத்தாச் சரிங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவுமில்லை, நான் படிக்கவுமில்லை. இதில் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பிளஸ் டூ வரைக்கும் படித்தவள்தான் நான். படிக்காமல் கையெழுத்துப் போடுவது சுகமாக இருந்தது, அதுதான் உண்மை.

யூனிட்டில் தைக்கிறவர்கள் என்னை ஓனரம்மா என்பார்கள். ஓனரம்மா கீரை வாங்கப் போக வேண்டுமென்றால் யாராவது வண்டி எடுக்க வேண்டும். தாராபுரத்தில் என் அம்மா காய்ச்சலில் விழுந்தபோது, என் பேரிலேயே இருக்கும் வேன் சும்மா நிற்பதற்காக நான் இரண்டு நாள் காத்திருந்தேன். சரக்குத்தான் முதலில், ஓனரம்மா அப்புறம். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். பனியன்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் வண்டிக்காக கேட்டில் நின்றுதான் ஆக வேண்டும்.

அதனால்தான் மகள் பதினாறு வயதில் யூனிட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஸ்கூட்டர் பழகியபோது, அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். இவளாவது யார் வாசலிலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டாள் என்று நினைத்தேன். முதலில் எங்கள் வீதிக்குள் மட்டும் ஓட்டினாள். பிறகு டியூஷனுக்கு. பிறகு நூல்கண்டு வாங்கி வர, பட்டன் வாங்கி வர. இங்கே எந்தத் தெருவில் நின்றாலும் மீசை முளைக்காத பையன்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் முன்னால் துணிக்கட்டை வைத்துக்கொண்டு பறப்பதைப் பார்க்கலாம். ஊரே அப்படித்தான் இருந்தது, நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. அவள் பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர்கள் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். பதினெட்டு நிறையாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் வண்டியின் உரிமையாளர் மேல் வழக்கு, ஓட்டியவருக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது என்று எழுதியிருந்தது. பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது அதை முழுக்கப் படித்தேன். முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சாகசம் காட்டுகிற தறுதலைகளுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் மகள் ஹெல்மெட் போடாமல் தெருமுனையைத் தாண்ட மாட்டாள். நம் பிள்ளையைப் பற்றி எந்த பேனரிலும் எழுதியிருக்காது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து அவள் வீட்டில் இருந்தாள். பதினெட்டு நிறைய நாற்பத்தொரு நாள் பாக்கி. அவளே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். பிறந்தநாளன்றே எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்க வேண்டும், காலேஜுக்கு பஸ்ஸில் தொங்காமல் வண்டியில் போக வேண்டும் என்பது அவள் திட்டம். ஊரின் அந்தக் கோடியில் இருந்தது அவள் சேரப் போகும் காலேஜ்.

அன்று நாலு மணிக்குக் கம்பெனி வேன் சரக்கெடுக்க வருவதாக இருந்தது. கம்பெனி வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். சொன்ன நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடும். மூன்று மணிக்கு மீடியம் சைஸ் லேபிள் தீர்ந்துவிட்டது. கழுத்துக்குப் பின்னால் வைத்துத் தைக்கிற நகமளவு துணி அது. அது இல்லாமல் ஒரு பனியனையும் முடிக்க முடியாது. எட்டு மெஷினும் நின்றுவிட்டன. என் வீட்டுக்காரர் சாயப்பட்டறைக்குப் போயிருந்தார்.

சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இதை இங்கேயே தெளிவாக எழுதி வைக்கிறேன், பின்னால் எல்லாம் இதில்தான் வந்து நின்றது. ஆணியில் தொங்கிய சாவியை என் கையால் எடுத்து, மகளின் உள்ளங்கையில் வைத்து, "ஓடிப் போய் ஓடி வந்துரு சாமி" என்றேன்.

லேபிள் வாங்கிவிட்டதாக அவளே போன் பண்ணினாள். பத்து நிமிடம் பொறுத்தேன். கம்பெனி வேன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து வாசலில் ஹாரன் அடித்தது. நான் மகளுக்குப் போன் போட்டேன். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு பேசுவது இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் பழக்கம். தலைக்கவசத்துக்கு நாங்கள் கண்டுபிடித்த உபயோகம் அது.

"எங்க வர்றே?"

"பி.என். ரோட்டுலம்மா. நெம்ப டிராபிக்கா இருக்குது."

"வேன் வந்து நிக்குது கண்ணு. வெரசா வா."

"சரி, சரி. இந்தப் பக்கமே திரும்பீட்டேன், வந்தர்றேன்."

இந்தப் பக்கமே என்றால் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. ரோட்டின் நடுச்சுவர் முடிகிற இடம் வரை போய்த் திரும்பாமல், எதிரே வருகிற வண்டிகளுக்குள் ஓரமாகவே நுழைந்துவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த நொடி ஒரு சத்தம். இரும்பு தார் ரோட்டில் தேய்கிற சத்தம். போன் கட்டாகவில்லை. யாரோ ஒரு பெண் இந்தியில் முனகுவது கேட்டது. பிறகு என் மகளின் குரல், என்னிடம் பேசாத குரல். "அக்கா, எந்திரிங்கக்கா. அக்கா, இங்க பாருங்க." நான் இங்கே போனில் கத்திக்கொண்டிருந்தேன். மெஷின்கள் நின்று போயிருந்ததால் நான் கத்தியது யூனிட் முழுக்கக் கேட்டது. தைக்கிறவர்கள் எல்லோரும் எழுந்து என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றிய பிறகு மகளே மறுபடி கூப்பிட்டாள். "ஒரு அக்காவ இடிச்சுட்டேம்மா. கை ஒடஞ்சிருக்கும்போல இருக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறேன். எனக்கு ஒன்னுமில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "லேபிள் வண்டி டிக்கியிலயே இருக்குதும்மா" என்றாள்.

அந்த நேரத்திலும் எனக்கு, வேன்காரனிடம் என்ன சொல்வது என்ற யோசனை வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

அந்தப் பெண் ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். இரண்டு தெரு தள்ளி ஒரு யூனிட்டில், தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுகிறவள். முப்பது வயதிருக்கும். வலது மணிக்கட்டு உடைந்திருந்தது, வேறு பெரிய காயமில்லை. நானும் என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தபோது மகள் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருந்தது. ரோட்டில் கிடந்த வண்டியைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. கூட்டி வந்தது யார் என்று மகளின் பேரை எழுதியிருந்தார்கள். ஓட்டியது யார் என்று யாரும் இன்னும் எழுதவில்லை.

அந்த எழுதாத இடம்தான் எங்களுக்கு ஆசை காட்டியது.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் முதலில், "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு" என்றார். பிறகு தெரிந்த வக்கீலுக்குப் போன் பண்ணிப் பேசினார். பேசப் பேச அவர் முகம் சுண்டிப் போனது. போனை வைத்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"நாப்பத்தொரு நாளு. பொறுத்திருக்கக் கூடாதா?" என்றார். அது எனக்கா, அவளுக்கா என்று தெரியவில்லை. மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"உன்ற மேல கேஸ் வருமாம் புள்ள. வண்டி உன்ற பேருல இருக்குதல்ல. ஜெயிலுக்குக்கூட எடமிருக்குதாம். இவளுக்கு இருபத்தஞ்சு வரைக்கும் லைசென்ஸே இல்லையாம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி என் பேரில் இருந்தது. பாவமும் என் கையில்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஜெயில் என்ற சொல்லைவிட இருபத்தைந்து என்ற எண்தான் பெரிதாகப் பட்டது. இருபத்தைந்துக்குள் இங்கே பெண்ணுக்குக் கல்யாணமாகிவிடும். கேட்டில் நின்று யாரையாவது கூப்பிட்டுக் கூப்பிட்டே அவள் வயது போய்விடும். என்னைப் போலவே.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார், "நீ ஓட்டுனேன்னு சொல்லீரு. ஹெல்மெட் போட்டிருந்துச்சு, துப்பட்டாவ மூஞ்சீல சுத்தியிருந்துச்சு. யாருக்குத் தெரியும்? உன்ற வண்டி, நீ ஓட்டுனே. லைசென்ஸ் இல்லாததுக்கும் எதுத்தாப்புல வந்ததுக்கும் ஃபைன் போடுவாங்க. கட்டீட்டு வந்தரலாம். புள்ளைக்கு ஒன்னும் ஆவாது."

நான் உடனே சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வண்டி என் பேரில் இருக்கிறது, அதனால் நான் ஓட்டியதாகச் சொல்வது பாதி உண்மை மாதிரியே எங்கள் இருவருக்கும் பட்டது. இத்தனை வருடம் பேரை வைத்தே பிழைத்தவர்களுக்கு அப்படித்தான் புத்தி போகும்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு இட்லி எடுத்துக்கொண்டு போனேன். இட்லிக்காகப் போகவில்லை என்பது எனக்கும் தெரியும். அந்தப் பெண் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் ஓரளவு வந்தது. வண்டி ஓட்டியது நான் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அதைக் கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "பாப்பா ஓட்டுச்சு. பாப்பாதான் என்னைத் தூக்குச்சு" என்றாள். பிறகு, "நீங்க சொல்றது நான் சொல்றேன், ஓனரம்மா" என்றாள்.

அவள் எங்கள் யூனிட்டில் வேலை செய்கிறவள்கூட இல்லை. என் உடையைப் பார்த்து, பேச்சைப் பார்த்து, ஓனர் என்று கண்டுபிடித்து, ஓனர் சொன்னால் சரி என்று தலையாட்டினாள். எத்தனை பேருக்கு எத்தனை தடவை அப்படித் தலையாட்டியிருப்பாளோ. சந்தோஷப்பட வேண்டிய நான், இட்லிப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். தெற்கத்திப் பேச்சு. என்னைவிடச் சின்னவள்தான். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். எழுதவில்லை, கேட்டாள்.

"வண்டி ஒங்க பேர்லதான இருக்கு?"

"ஆமாங்க."

"நீங்கதான ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க."

"சரிம்மா. வெளிய வாங்க."

முற்றத்தில் எங்கள் ஸ்கூட்டர் நின்றது. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. சாவியை என் கையில் கொடுத்து, "அந்த வேப்பமரம் வரைக்கும் போய்ட்டு வாங்க பாப்போம்" என்றாள். வேப்பமரம் பத்தடி தூரத்தில் இருந்தது.

அந்தப் பத்தடியைப் பற்றி நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் உட்கார்ந்தே பழகிய உடம்பு, முன்னால் எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் தடுமாறியது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். அது தெரியும், பார்த்திருக்கிறேன். வலது கைப்பிடியில் இருந்த பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. விபத்தில் வண்டி கெட்டுப் போயிருக்கும் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நல்ல யோசனைதான். சொல்ல வாயைத் திறந்தேன்.

"பிரேக்கப் புடிச்சுட்டு அமுத்தும்மா."

மகள் சுவரோரம் நின்றிருந்தாள். அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது. நான் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் வந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்தால்தான் வண்டி கிளம்பும் என்பது ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி அவளைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"நான்தாங்க ஓட்டுனேன்" என்றாள் மகள். "அம்மாவுக்கு எதுவுமே ஓட்டத் தெரியாதுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரோட்டுக் கேமராவுல சின்னப்புள்ள ஓட்டுனது தெரியுதும்மா. ஒங்களுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாதா எங்களுக்கு?" என்றாள். பிறகு உள்ளே போய் எழுத ஆரம்பித்தாள். எழுதியதில் மூன்று விஷயம் இருந்தது. என் மேல் வழக்கு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும். மகளுக்கு இருபத்தைந்து நிறையும் வரை எல்.எல்.ஆர்.கூடக் கிடையாது. என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். பழக்கதோஷத்தில் பென்சில் குறியைத் தேடினேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி, நேற்று நடந்ததை நடந்தபடியே சொல்லச் சொல்லி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அதற்கும் சரி என்றாள். கட்டுப் பிரிக்கிறவரை அவள் செலவை நாங்கள் பார்த்துக்கொண்டோம், அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து வந்தவை பயத்தின் நாட்கள். மகளின் விசாரணை சிறுவர்களுக்கான நீதிக் குழுமத்தில் தனியாக நடந்தது. புத்தி சொல்லி அனுப்பினார்கள். அவள் காலண்டரில் போட்ட வட்டம் வந்தது, போனது. பாயசம் வைத்தேன். இரண்டு வாய் குடித்தாள். வீதியில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் தோள்பட்டை சுருங்கும். போன் அடித்தால் எடுக்க மாட்டாள். நானும் அவளுக்குப் போன் பண்ணுவதை விட்டுவிட்டேன். எங்கே வருகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கோ போஸ்ட்மேன் சைக்கிளைக் கண்டாலே கோர்ட் சம்மன்தான் என்று தோன்றும். காக்கி நிறச் சட்டை போட்ட ஆட்டோக்காரரைப் பார்த்து ஒருநாள் உள்ளே ஓடிவிட்டேன். ஓனரம்மாவின் லட்சணம் அது.

கோர்ட்டுக்கு அழைப்பு வந்த அன்று மூவரும் டவுன் பஸ்ஸில் போனோம். வராந்தாவில் வக்கீல் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ரெண்டே வரிங்கம்மா. பாப்பா சாவிய எடுத்துட்டுப் போனது உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. பெத்தவங்களுக்குத் தெரியாம நடந்திருந்தா அவங்க மேல குத்தமில்லீன்னு சட்டத்துலயே எடமிருக்குதுங்க. பாப்பாவுக்கு எப்படியும் இருபத்தஞ்சு வரைக்கும் லைசென்ஸ் இல்ல, அத மாத்த முடியாதுங்க. நீங்களாச்சும் தப்பிச்சுக்கலாமல்லங்க."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஜெயில் என்ற சொல்லோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். நான் தலையாட்டியும் இருப்பேன். அதற்குள் அவர் காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, "பாப்பாவும் எழுதிக் குடுத்துருச்சுங்க" என்று நீட்டினார்.

டைப் அடித்த தாள். தாயாருக்குத் தெரியாமல் சாவியை எடுத்துச் சென்றேன் என்று இருந்தது. கீழே என் மகளின் உருண்டை உருண்டையான கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், ரப்பரால் சரியாக அழியாமல், மங்கலாக ஒரு பெருக்கல் குறி.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது எப்பப் போட்டது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"முந்தாநேத்து" என்றார். பிறகு மெதுவாக, "உன்ன உள்ள வெச்சுட்டா நான் என்ன பண்றது புள்ள?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோன மனிதர். அவருக்குத் தெரிந்த ஒரே வழி, தாளை நீட்டிப் பென்சிலால் குறி போடுவது.

மகளிடம் திரும்பினேன். "படிச்சுப் பாத்தயா கண்ணு?"

"அப்பா காட்டுன எடத்துல போட்டேம்மா" என்றாள்.

இருபது வருடமாக நான் சொல்லி வந்த பதில் அது. அதை அவள் வாயில் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலும் இல்லை, அவள் மேலும் இல்லை. வண்டி ஓட்டத் தெரிந்தால் போதும், இவள் என்னைப் போல ஆக மாட்டாள் என்று நினைத்தேனே, அந்த முட்டாள்தனத்தின் மேல். நான் சாவியைத்தான் கொடுத்திருந்தேன், வேறொன்றும் கொடுக்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். நடுவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"வண்டி யாருடையது?"

"என்னுதுங்க."

"உங்க மகள் எடுத்துட்டுப் போனது உங்களுக்குத் தெரியுமா?"

வக்கீல் என்னைப் பார்த்து இல்லை என்று லேசாகத் தலையசைத்தார்.

"தெரியுமுங்க" என்றேன். "சாவிய நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவ வண்டியில வர்றப்ப, சீக்கிரம் வான்னு போன் பண்ணுனதும் நான்தானுங்க. அவ தெரியாம எடுக்கலீங்க. என்ற புள்ள எதையும் தெரியாம எடுக்க மாட்டா."

யோசித்துச் சொல்கிறீர்களா என்று நடுவர் இன்னொரு தடவை கேட்டார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிறிது நேரம் எழுதினார். அந்தச் சிறிது நேரத்தில் நான் ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டேன். அபராதம், கோர்ட் கலையும் வரை காவல் என்றார். அதாவது, சாயங்காலம் கோர்ட் முடிகிற வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போலீஸ்காரம்மா ஒருத்தர், "நீ வெளிய போலாம் பாப்பா, உனக்கில்ல" என்றார். "இங்கயே இருக்கறேனுங்க" என்றாள். யார் யாரோ வழக்கு வந்தது, போனது. மத்தியானம் ஆனது. அவள் தலை என் தோளில் சாய்ந்தது. லேபிள் வாங்கப் போன நாளிலிருந்து அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஐந்து மணிக்கு மேல் உத்தரவின் நகலைக் கொண்டு வந்து வைத்தார் குமாஸ்தா. இரண்டு பக்கம். "கடைசியில போடுங்கம்மா" என்று பேனாவை நீட்டினார்.

"படிச்சுட்டுப் போடறேனுங்க" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். மகளும் குனிந்து, வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டு கூடவே படித்தாள். வண்டிப் பதிவு ரத்து என்ற வரி வந்தது. அதற்கு அடுத்த வரியில், இருபத்தைந்து வயது நிறைவடையும் வரை என்ற இடத்தில், அவள் விரல் நின்றுவிட்டது.

குமாஸ்தா இருமினார். விரல் நகரும் வரை காத்திருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.